இளம் விரிவுரையாளர் வாழ்வும் சிறு மகிழ்ச்சிகளும்

ஆசிரியப் பணியை அறப்பணி என்று போற்றும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ஆண்டு விழா மேடைகளிலும் ஆசிரியர் நாள் கூட்டங்களிலும் அச்சொல் ஒலிக்காத இடமில்லை. ஆயினும், அப்பணியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், ஒரு மணி நேரப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறார், மாத முடிவில் அவர் கைக்கு வருவது எவ்வளவு, இவ்வளவுக்கும் பிறகு எதனை நம்பி மறுநாளும் வகுப்புக்கு வருகிறார் என்பவற்றை எவரும் எழுதி வைப்பதில்லை. போற்றுதலுக்கும் அறிதலுக்கும் இடையே உள்ள தொலைவு அது. அத்தொலைவைச் சிறிதேனும் குறைக்க இக்கட்டுரை முற்படுகிறது.

இதனை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுவது முறை. சென்ற மார்ச் மாதத்தில் ஒருநாள், என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான தமிழ் ஆசிரியர் ஒருவர், வடசேரிப் பேருந்து நிலையத்தில் தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றுகொண்டு, “அண்ணா, நான் இந்த வேலையிலேயே இருக்கவா, போகவா?” என்று கேட்டார். அவர் மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர். வளைகுடா நாடொன்றில் கிடங்குக் கணக்கராக வேலை ஆயத்தமாக இருந்தது. அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. பேருந்து வந்துவிட்டது என்பது சாக்கு. விடை தெரியவில்லை என்பதே உண்மை. அன்று சொல்லாமல் விட்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

விடியலும் பேருந்தும்

எங்கள் வீடு வடசேரியில். நாகர்கோவில் நகரின் இப்பகுதி நெசவுக்கும் கோயில் நகை வேலைக்கும் பெயர் பெற்றது. சிவப்புக் கற்கள் பதித்த நாகர்கோவில் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றைச் செய்யும் கைவினைஞர்கள் வடசேரித் தெருக்களில் இன்றும் உள்ளனர். கனகமூலம் சந்தை விடியுமுன்னே விழித்துவிடும். சுபுஹுத் தொழுகை முடித்து வரும் வேளையில் வாழைக்குலைகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். மட்டி, செந்துளுவன், பாளையங்கோட்டான், ஏத்தன் என்று வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் குலைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பது, பணியில் சேர்ந்த முதலாண்டில் எனக்கு ஒரு பாடம் போலவே இருந்தது. நேற்றிரவு மனப்பாடம் செய்த உரையை, குலைகளைக் கேட்போராக எண்ணி, வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடப்பேன். ஒருநாள் சந்தைக்காரர் ஒருவர், “வாத்தியாரே, என்ன முணுமுணுக்குதீரு, விலை கேக்கீரா?” என்றார். அன்றுமுதல் உதடு அசையாமல் ஒப்பிக்கப் பழகினேன்.

நான் 2007-ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்தேன். எம்.பில். பட்டம் பெற்றிருந்தேன். நாஞ்சில் நாட்டுக் கல்லூரிகளில் ஜூன் மாதம் வகுப்புத் தொடங்குவது தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலோடுதான். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் ஜூன் வெயில் காலம். இங்கோ வயல்களில் கன்னிப்பூ நடவு நிகழும் காலம். புதுச் சட்டை நனைய, பையிலுள்ள குறிப்பேடு நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்தில் நின்றதே என் முதல் நாளின் முதல் நினைவு.

அக்குறிப்பேட்டில் இருபத்திரண்டு பக்கங்கள் எழுதியிருந்தேன். பாடம், சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம். உமறுப்புலவர் பாடிய அந்நூல் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களும் 5,027 பாடல்களும் கொண்டது. வேடன் வலையில் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாகச் சொல்ல, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கும் இப்பகுதி கல்லூரிப் பாடத்திட்டங்களில் பெரிதும் இடம்பெறுவது. வகுப்பில் அறுபத்தெட்டு மாணவர்கள். வணிகவியல் முதலாண்டு. இருபத்திரண்டு பக்கங்களும் இருபத்தைந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. எஞ்சிய நேரம் முழுதும் என் முன் பாலையாகக் கிடந்தது. கரும்பலகையில் எழுதிய தலைப்பை அழித்து, அதே தலைப்பை மீண்டும் எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவர் எழுந்து, “சார், அந்த மான் திரும்பி வரலேன்னா என்ன ஆயிருக்கும்?” என்று கேட்டார். எம்.ஏ. வகுப்பிலும் எம்.பில். வகுப்பிலும் எவரும் எழுப்பாத வினா அது. வராமல் இருக்காது என்று சொன்னேன். அது விடை ஆகாது என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஆயினும் அவ்வினாவைச் சுற்றியே எஞ்சிய நேரம் முழுதும் வகுப்புப் பேசியது. மணி அடித்தபோது நான் மிகச் சிறந்த ஆசிரியன் என்னும் எண்ணத்தோடு வெளியே வந்தேன். அவ்வெண்ணம் அடுத்த மணி நேரம் வரை நீடித்தது.

பதினாறு மணி நேரம்

கல்லூரி ஆசிரியர்க்கு வாரத்துக்குப் பதினாறு மணி நேரந்தானே வேலை என்று உறவினர் பலர் வியப்பதுண்டு. என் மாமா ஒருவர் திருமண வீடுகளில் இதனையே என் அறிமுகமாகக் கூறுவார். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் உதவிப் பேராசிரியர்க்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்று வரையறுப்பது உண்மையே. ஆனால் அதே விதிகள், ஆண்டுக்கு 30 வாரங்கள், அதாவது 180 வேலை நாட்கள், வாரத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பணி என்றும் கூறுகின்றன. பதினாறு போக எஞ்சியது எங்கே போகிறது என்பதையே விளக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்த்துறையில் சேரும் இளையவர்க்குப் பெரும்பாலும் கிடைப்பது முதற்பகுதித் தமிழ் வகுப்புகள். இயற்பியல், கணிதம், வணிகவியல் என எந்தத் துறையில் சேர்ந்தாலும் மாணவர்கள் முதலிரண்டு ஆண்டுகள் மொழிப்பாடம் பயில வேண்டும். தமிழைத் தாமாக விரும்பித் தேர்ந்தவர்கள் அல்லர் அவர்கள். இருக்கை நிறைந்த வகுப்புகள். அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கை. நான்கு வகுப்புக்கு ஓர் அகமதிப்பீட்டுத் தேர்வு நடத்தினால் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட விடைத்தாள்கள். ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் நாற்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும். என் முதலாண்டில் ஒரு மணி நேரப் பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆயத்தம் செய்தேன். பிற்காலத்தில் அது அரை மணி நேரமாகச் சுருங்கிற்று. சுருங்கியது அனுபவத்தாலா, சோம்பலாலா என்பதில் எனக்கு இன்றும் ஐயமுண்டு.

நம் கல்லூரிகளில் வழங்கும் ‘டே ஆர்டர்’ முறையைப் பற்றி வெளியார்க்குச் சொல்ல வேண்டும். இங்குக் கால அட்டவணை திங்கள், செவ்வாய் என்று கிழமை வழியே அமைவதில்லை. முதல் நாள் முதல் ஆறாம் நாள் வரை வரிசை எண்களால் அமைகிறது. இடையில் விடுமுறை வந்தால் எண் நகராது. விடுமுறைக்கு முதல் நாள் மூன்றாம் வரிசை என்றால், கல்லூரி திறக்கும் நாள் நான்காம் வரிசையாகத் தொடரும். ஒரே கிழமையில் விடுமுறைகள் குவிந்து ஒரு பாடம் மட்டும் பின்தங்கிப் போவதை இம்முறை தடுக்கிறது. நடைமுறையில் இதன் விளைவு, இளம் ஆசிரியர் ஒவ்வொரு காலையிலும் துறை வாயிலில் முதலில் கேட்கும் கேள்வி “இன்றைக்கு எந்த ஆர்டர்?” என்பதே. நான் ஒருமுறை நான்காம் வரிசைக்குரிய பாடத்தை ஐந்தாம் வரிசை வகுப்பில் பத்து நிமிடம் நடத்தினேன். வேதியியல் மாணவர்கள் பணிவுள்ளவர்கள். யாரும் சொல்லவில்லை.

தகுதியும் ஊதியமும்

ஒரு காலத்தில் முதுகலையோடு நல்ல மதிப்பெண் இருந்தால் கல்லூரி ஆசிரியராகலாம். 1989-இல் தேசியத் தகுதித் தேர்வாகிய ‘நெட்’ தொடங்கிற்று. 1991 விதிகள் அதனைக் கட்டாயமாக்கின. பின்னர் விலக்குகள் வந்தன, போயின. 2006-இல் எம்.பில். பட்டம் பெற்றவர்கள் இளங்கலை வகுப்புக்குக் கற்பிக்க அத்தேர்வு தேவையில்லை என்று விதி திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வாண்டுகளில் எம்.பில். வகுப்புகள் பெருகியதற்கு இது முதன்மையான காரணம் எனலாம். 2009-இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 2007-இல் பணியில் சேர்ந்த என் போன்றோர்க்கு, ஏறி நின்ற ஏணியின் நடுப்படி கழன்றதைப் போன்ற நிலை. இருந்த பணியில் இருக்கலாம், புதுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. மூன்று முறை தேர்வெழுதி 2012-இல் வென்றேன். 2022 நவம்பரில் வெளிவந்த ஆய்வுப்பட்ட விதிகளோடு எம்.பில். பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. என் பெயருக்குப் பின்னால் உள்ள இவ்வெழுத்துகளைப் பார்த்து, இது என்ன படிப்பு என்று இனிவரும் மாணவர்கள் வினவக்கூடும்.

ஊதியத்தைப் பொறுத்தவரை, மானியக் குழுவின் அளவுகோல் ஒருபுறம் இருக்கிறது. விரிவுரையாளர்க்கு 1986-இல் ரூ. 2,200–4,000, 1996-இல் ரூ. 8,000–13,500, 2006-இல் தர ஊதியம் நீங்கலாக ரூ. 15,600–39,100, 2016-இல் தொடக்க ஊதியமே ரூ. 57,700 என்று அது உயர்ந்து வந்தது. ‘விரிவுரையாளர்’ என்னும் பெயரும் 2006 ஊதிய மாற்றத்தோடு ‘உதவிப் பேராசிரியர்’ ஆயிற்று. பழக்கத்தால் நான் பழைய பெயரையே எழுதுகிறேன். இவ்வளவுகோல் நிலையான இடத்தில் இருப்போர்க்குரியது. சுயநிதிப் பிரிவுகளிலும் மணிக்கணக்கிலும் பணியாற்றுவோர் உலகம் வேறு. கௌரவ விரிவுரையாளர்க்கு ஒரு வகுப்புக்கு ரூ. 1,500, மாதத்துக்கு மிகுதியாக ரூ. 50,000 என்று மானியக் குழு 2019-இல் வழிகாட்டியது. வழிகாட்டுதலுக்கும் கொடுப்பதற்கும் இடையே உள்ள தொலைவு பல இடங்களில் மிகப் பெரிது.

நான் முதலில் பணியாற்றிய இடத்தில் மாதம் ரூ. 4,500 பெற்றேன். ஆண்டுக்குப் பத்து மாதம் மட்டும். மே மாதம் வகுப்பில்லை, ஆகவே ஊதியமும் இல்லை. விடைத்தாள் திருத்தும் பணிக்குச் செல்ல விடுப்பு கேட்டால் அந்நாளின் ஊதியம் குறையும். இதை எழுதுவது எந்த நிருவாகத்தையும் குறை கூறுவதற்கன்று. அரசின் உதவி பெறாத பிரிவை நடத்துவோர் மாணவர் கட்டணத்திலிருந்தே எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அறிவேன். ஆனால் இம்மலரைப் படிக்கும் சமுதாயப் பெரியோர்கள், கட்டடம் ஒன்று எழுப்ப நன்கொடை அளிக்கும்போது, அக்கட்டடத்துள் நின்று பேசப்போகிறவரின் மே மாதத்தையும் ஒரு நொடி எண்ணிப் பார்த்தல் வேண்டும். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம், ஒருவருடைய மே மாதத்தில் பெயர் பொறிக்க இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்நிலை நம் நாட்டுக்கும் நம் காலத்துக்கும் மட்டும் உரியதன்று. செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காந்து 1755-இல் கோனிக்சுபெர்க் பல்கலைக்கழகத்தில் ஊதியமில்லா விரிவுரையாளராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகம் எதுவும் தராது. வகுப்புக்கு வரும் மாணவர் தரும் கட்டணமே வருவாய். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம், சில பருவங்களில் இருபது மணிக்கும் மேலாக, அளவையியல் முதல் புவியியல் வரை கற்பித்தார். நிலையான பேராசிரியர் இடம் கிடைத்தது 1770-இல். இடையில் நூலகத்தில் துணைப் பணியும் ஏற்றார். பதினைந்து ஆண்டுகள்! என் இளைய நண்பருக்கு இதனைச் சொன்னால் ஆறுதலாகாது. “அவருக்கு வீட்டுக் கடன் இருந்திருக்காது அண்ணா” என்பார். அதுவும் சரிதான்.

நெல்லையில் ஓர் இளைஞர்

நமக்கு நெருக்கமான சான்று பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855-இல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்றவர். 1877-இல், இருபத்திரண்டு வயதில், திருநெல்வேலியில் பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்குத் தலைமை ஏற்றார். ஏறத்தாழ ஈராண்டுகள் அங்கிருந்தபின் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரிக்குத் தத்துவ ஆசிரியராகத் திரும்பினார். 1880-இல் எம்.ஏ. பட்டம். 1891-இல் ‘மனோன்மணீயம்’ வெளிவந்தது. 1897-இல் 42-ஆம் வயதில் மறைந்தார். தமிழ்த்தாய் வாழ்த்தாக நாம் நாளும் பாடும் பாடல் அந்நாடகத்தின் தொடக்கத்தில் உள்ளது என்பதும், அவர் பெயரால் 1990-இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது என்பதும் மாணவர் அறிந்தவை.

அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இத்தகைய தொடக்க ஆண்டுகள் இரண்டு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றன. எனக்கு அவ்விரண்டு வரிகளே சுவையானவை. நெல்லையில் இருந்த நாட்களில்தான் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் தொடர்பு அவருக்கு வாய்த்தது. அவரைத் தம் குருவாகக் கொண்டார். பகலில் பள்ளி, வகுப்பு, கணக்கு வழக்கு. ஓய்ந்த வேளையில் ஒரு ஞானியின் திண்ணை. நாடகம் வெளிவரப் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. அந்நாளில் அவருடைய வேலையைப் பார்த்த எவரும், ‘இளைஞர் ஒருவர் பள்ளி நடத்துகிறார்’ என்று மட்டுமே சொல்லியிருப்பர். பின்னாளில் அவர் தம் நாடகத்தைத் தம் ஆசிரியர் ஹார்விக்குக் காணிக்கை ஆக்கினார். தாம் மாணவராக இருந்ததை மறவாத ஆசிரியர் செய்த செயல் என்று அதனை நான் வகுப்பில் சொல்வதுண்டு.

எங்கள் வடசேரிக்கு அடுத்த புத்தேரியிலும் ஓர் ஆசிரியர் வாழ்ந்தார். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, பள்ளி ஆசிரியராகத் தொடங்கித் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 1931-இல் ஓய்வு பெற்று, 1954-இல் மறையும் வரை புத்தேரியில் தங்கினார். கல்வெட்டு ஆராய்ந்தவர், குழந்தைகளுக்குப் பாடியவர். விடுமுறை நாளில் மாலையில் புத்தேரி வரை நடந்து, வயல் வரப்பில் நின்று திரும்புவது என் பழக்கம். கும்பப்பூ விளைந்து நிற்கும் காலத்தில் அந்நடை பெருஞ்சுவை உடையது. அதற்குக் கட்டணம் இல்லை.

சிறு மகிழ்ச்சிகள்

இனி, எதனை நம்பி ஒருவர் இப்பணியில் நிற்கிறார் என்னும் வினாவுக்கு வருவோம். பெரிய மகிழ்ச்சிகளை நான் அறியேன். சிறியவற்றைச் சொல்ல முடியும்.

முதல் ஊதியத்தில் வாப்பாவுக்கு ஒரு வேட்டியும் உம்மாவுக்கு ஒரு மூக்குக் கண்ணாடியும் வாங்கினேன். எஞ்சியதில் எனக்கு ஒரு சிவப்பு மைப் பேனா. அதுவரை பிறருடைய சிவப்பு மை என் தாளில் விழுந்து பார்த்திருந்தேன். என் கையில் அது வந்தபோது கை நடுங்கிற்று. துறையின் புத்தக அலமாரிச் சாவியை முதன்முதலாக மூத்த பேராசிரியர் என்னிடம் கொடுத்தனுப்பிய நாள் மற்றொன்று. அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேவையில்லாமலே இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

வருகைப் பதிவேட்டைச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்து வகுப்புப் பதிவேட்டில் அப்துல், அந்தோணி, அய்யப்பன் அடுத்தடுத்து வருவர். பெயர்களை மனத்தில் பதித்து, ஏடு பாராமல் ஒருநாள் முழு வகுப்பையும் அழைத்தபோது, அறுபத்தெட்டாவது பெயருக்குப் பிறகு மாணவர்கள் கைதட்டினர். பாடத்துக்கு அவர்கள் ஒருநாளும் கைதட்டியதில்லை.

விடைத்தாள்களிலும் இன்பம் உண்டு. ‘சீறாப்புராணம் பெயர்க்காரணம் தருக’ என்னும் வினாவுக்கு, “உமறுப்புலவர் யார் மீதும் சீறாதவர், ஆகவே சீறாப்புராணம்” என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். வாழ்க்கை வரலாறு என்று பொருள்படும் ‘சீறத்’ என்னும் அரபுச்சொல்லே சீறா ஆயிற்று என்பதை நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். அவர் அன்று வரவில்லை போலும். எதிர்மறைப் பெயரெச்சத்தைச் சரியாகப் பயன்படுத்தியதற்காக அரை மதிப்பெண் கொடுத்தேன். இது விதிக்கு உட்பட்டதா என்று எவரும் கேட்க வேண்டாம்.

பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தப் போகும் நாட்கள் இளம் ஆசிரியர்க்குத் திருவிழா. வடசேரியில் ஏறி நெல்லைக்குச் செல்லும் வழி ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். தோவாளையில் பூச்சந்தையின் மணம் சன்னல் வழியே ஏறும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பேருந்தையே தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகள் சுழலும். அதைக் கடந்ததும் பசுமை நின்று செம்மண்ணும் முள்மரமும் தொடங்கும். ஒரே மணி நேரத்தில் குறிஞ்சியின் அடிவாரமும் மருதமும் பாலையும் பார்த்துவிடலாம். திணை இலக்கணத்தைப் பேருந்தில் வைத்து நடத்தினால் எளிதாக விளங்கும் என்று பலமுறை எண்ணியதுண்டு. திருத்தும் கூடத்தில் நான்கு மாவட்டத்துத் தமிழாசிரியர்களும் கூடுவர். தேர்வெண் மறைத்த தாள்கள் கட்டுக்கட்டாக வரும். யாருடைய மாணவர் என்று தெரியாது. உணவு இடைவேளையில் பழைய நண்பர்கள், புதிய நூல்கள், எங்கே இடம் காலி என்னும் செய்திகள். எனக்கு இப்போதைய பணியிடம் பற்றிய செய்தி அப்படியோர் இடைவேளையில்தான் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை நம் கல்லூரிகளுக்கே உரியது. ஜும்ஆவுக்காக நண்பகல் இடைவேளை நீளும். பிற சமயத்து ஆசிரியர்களும் மாணவர்களும் அந்நீண்ட இடைவேளையைத் தமக்குரியதாக்கிக் கொண்டுள்ளனர். நூலகத்தில் அன்றுதான் கூட்டம். தொழுகை முடித்து வரும்போது துறையில் யாரேனும் ரசவடை வாங்கி வைத்திருப்பர். அம்மேசையில்தான் நான் புணர்ச்சி விதிகளில் எனக்கிருந்த ஐயங்களையெல்லாம் தீர்த்துக்கொண்டேன். வகுப்பில் கேட்கத் தயங்கியவற்றை வடையோடு கேட்டால் எவரும் நகைப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்று உண்டு. வகுப்பில் எப்போதோ, மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ, அறுபத்தெட்டுப் பேரும் ஒருங்கே அமைதியாகிவிடுவர். அச்சத்தால் வரும் அமைதி வேறு, இது வேறு. மின்விசிறியின் ஒலி மட்டும் கேட்கும். அரை நிமிடந்தான். அதனை முயன்று வரவழைக்க முடியாது. நன்றாக ஆயத்தம் செய்த நாளில் வராமல் போகும், தலைவலியோடு சென்ற நாளில் வரும். பணியில் சேர்ந்த நான்காம் மாதத்தில் முதன்முறையாக அது வந்தது. அன்று மாலை வீட்டுக்குப் பேருந்தில் ஏறாமல் இரண்டு நிறுத்தம் நடந்தேன்.

எங்கள் தெருவில் நகை வேலை செய்யும் பெரியவர் ஒருவர் ஒருநாள் என்னிடம், “தம்பி, சாயங்காலம் ஆனா என் கையில ஒரு பதக்கம் இருக்கும். ஒமக்கு காட்டுறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டார். ஏளனமன்று, உண்மையான ஆர்வம். நான் சிரித்து மழுப்பினேன். பல ஆண்டுகள் கழித்து, அவருடைய பேத்தி என் வகுப்பில் படித்து, ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றாள். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சந்தையில் பார்க்கும்போது இப்போதும் முன்போலவே தலையசைப்பார்.

நூல் ஒன்று

இளம் ஆசிரியர்க்குப் பணத்துக்கு அடுத்தபடி தேவைப்படுவது, தமக்குமுன் இவ்வழியில் நடந்தவரின் துணை. இலங்கைப் பாணந்துறையில் 1922-இல் பிறந்த ம.மு. உவைஸ், விபுலானந்த அடிகளின் ஊக்கத்தால் முஸ்லிம்களின் தமிழ்த்தொண்டை ஆராயத் தொடங்கினார். 1979-இல் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைந்த இருக்கைக்குப் பேராசிரியராக வந்தார். ஓர் ஆசிரியர் கேட்ட கேள்வி ஒருவரின் வாழ்நாள் வேலையாயிற்று. அத்தகைய பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது அதைவிடச் சிறியது. எனினும் போதுமானதாக இருந்தது.

முதல் வகுப்பில் இருபத்தைந்து நிமிடத்தில் பாடம் தீர்ந்து நின்ற கதையைத் துறையில் சொன்னபோது, மூத்த பேராசிரியர் நகைக்கவில்லை. மறுநாள் தம் வீட்டிலிருந்து ஒரு நூலைத் தாளில் பொதிந்து கொண்டுவந்தார். இடலாக்குடியில் 1874-இல் பிறந்து, 1907-இல் சென்னையில் நூறு செயல்களை ஒருங்கே நிகழ்த்திச் சதாவதானி எனப் புகழ்பெற்ற செய்குத்தம்பிப் பாவலர், சீறாப்புராணத்துக்கு எழுதிய உரை. பழுப்பேறிய பழம்பதிப்பு. ஓரங்களில் அப்பேராசிரியரின் பென்சில் குறிப்புகள். “இதைப் பார்த்துட்டு வகுப்புக்குப் போங்க. அவசரமில்லை, மெதுவா தாங்க” என்றார். நான் திருப்பிக் கொடுக்குமுன் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கொடுக்கச் சென்றபோது, “உங்ககிட்டயே இருக்கட்டும், அடுத்தாளு வருவாரு” என்று சொல்லிவிட்டார்.

மார்ச் மாதத்தில் அந்த இளைய நண்பர், தம் வகுப்பில் மானுக்குப் பிணை நின்ற படலம் நடத்த வேண்டியிருப்பதாகக் கூறி அந்நூலைக் கேட்டார். வளைகுடாப் பேச்சு நிகழ்ந்ததற்கு இரண்டு நாட்கள் முன்பு அது. அதே தாளில் பொதிந்து கொடுத்தேன். பாடம் எப்போதோ முடிந்திருக்கும். தேர்வுகள் முடிந்து கல்லூரி அடைத்தாயிற்று. மே மாதம் நடந்துகொண்டிருக்கிறது. சென்ற வாரம் சந்தையில் பார்த்தோம். மட்டிப்பழத்தின் விலையைப் பற்றி நெடுநேரம் பேசினோம். நூலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது இன்னும் அவரிடந்தான் இருக்கிறது.